அக்கா கோபம், வெட்டு

ஜன்னலை மூட வேண்டாம், காற்று வரட்டும். அந்தக் கண்டக்டர் சொன்னான் என்பதற்காக நீங்கள் ஒடுங்கி உட்கார வேண்டியதில்லை. மூன்று பேர் சீட்டு என்றால் மூன்று பேர் உட்காரும் அகலத்தில் செய்திருக்க வேண்டும். செய்தவனிடம் போய்ச் சண்டை போடட்டும், என்னிடம் என்ன?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கேட்டிருப்பீர்கள். வாரிசுச் சான்றிதழுக்கு ஆன்லைனில் எப்படி விண்ணப்பம் போடுவது, பட்டா மாறுதலுக்கு எந்தக் கட்டத்தில் எதை அடிப்பது என்று கம்ப்யூட்டர் திரையை அப்படியே பதிவு செய்து, பின்னாலிருந்து பேசி விளக்குமே ஒரு சேனல், 'கனி கம்ப்யூட்டர்ஸ்'. அந்தக் கனி நான்தான். சண்முகக்கனி. கோவில்பட்டியில் தாலுகா ஆபீஸ் எதிர்வரிசையில் கடை.

ஆமாம், பொறுமை அக்கா. அந்தப் பேர் நானாக வைத்துக்கொண்டதில்லை. வீடியோ பார்க்கிறவர்கள் கமெண்டில் எழுதி எழுதி வைத்த பேர். 'அக்கா, எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக்கூட எனக்குச் சொல்லித்தர இவ்வளவு பொறுமை இல்லை' என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் எழுதியிருந்தார். அதைப் பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் என்று சொல்கிறவனைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டுவேன். படிக்க மாட்டேன் என்றால் சட்டையைப் பிடித்து நிறுத்திக் காட்டுவேன்.

என்னது? சேனலில் குரல் சாந்தமாக இருக்குமே என்கிறீர்களா? பஸ் இரைச்சலில் எந்தக் குரலும் இப்படித்தான் கேட்கும்.

நான் நாசரேத்தில் ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். பியூலா என்று பேர். என்னிடம் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு நியாயம் கேட்க வேண்டியிருந்தது, போனேன், கேட்டேன். உங்களிடமும் சொல்கிறேன். திருநெல்வேலி வருவதற்குள் யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என் பக்கம்தான். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் வெளி ஆள் வாயால் ஒருதரம் கேட்டால் நன்றாக இருக்கும்.

நான் படித்தது எட்டாவது. அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினேன். அப்புறம் ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டரை எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை. வேலை பார்க்கிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒருதரம் மவுசைத் தொட்டுவிட்டேன் என்று ஜெராக்ஸ் கடை முதலாளி ஸ்கேலால் கைவிரலில் அடித்தான். இன்றைக்கு அவன் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வர வேண்டும். வந்தான். டோக்கன் போட்டு உட்கார வைத்தேன்.

அதனால் எனக்கு எதையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழக்கமில்லை. கத்தரிக்காயிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும்.

இனி பியூலாவின் வேலையைச் சொல்கிறேன். நான் திரையைப் பதிவில் போட்டுவிட்டு, விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே பேசுவேன். இருபது நிமிஷம் பேசிவிட்டு எழுந்து போய்விடுவேன். அந்தப் பதிவை வெட்டி, ஒட்டி, சேனலில் ஏற்றுவது அவள் வேலை. ஒரு வீடியோவுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்வாள். இரண்டு முழு நாள். அவள் எப்படி வேலை பார்ப்பாள் தெரியுமா? பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டரில் அதே விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என் பேச்சை ஓடவிட்டு, இடது கையால் அதை நிரப்பிக்கொண்டிருப்பாள். வலது கைக்காரிதான். சோறு வலது கையால்தான் தின்பாள், கையெழுத்தும் வலதுதான். இந்த வேலைக்கு மட்டும் வலது கையை மடியில் வைத்துவிடுவாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஒற்றை விரலால் டொக்கு டொக்கென்று.

ஏழு வருஷம் அதைப் பார்த்தேன். ஏதோ ஜெபம், நேர்ச்சை போல என்று நினைத்தேன். கேட்கவில்லை. மற்றவர்கள் பக்தியில் நான் தலையிடுவதில்லை.

முடித்த வீடியோவை நான் பார்ப்பதில்லை. என் குரலைப் பதிவில் கேட்டால் எனக்குப் பிடிக்காது, யாரோ வேறு பொம்பளை பேசுகிற மாதிரி இருக்கும். கமெண்ட் மட்டும் படிப்பேன். கமெண்ட் நன்றாக இருந்தால் வீடியோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டவன் முகத்தைப் பார்த்தால் போதாதா, சட்டியை வேறு நக்கிப் பார்க்க வேண்டுமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மதுரையிலிருந்து ஒரு டீலர் வந்தான். தீனதயாளன் என்று பேர், கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு பேக். நாங்கள் திரைப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் வைத்திருந்தது பழைய வெர்ஷன், ஒரே தடவை காசு கொடுத்து டிஸ்க்கில் வாங்கியது. புதிய வெர்ஷனுக்கு மாற வேண்டும், வருஷா வருஷம் சந்தா என்றான். மென்பொருளின் பேரை நான் சொல்ல மாட்டேன், சும்மா விளம்பரம் ஆகிவிடும்.

முதலில் வெளியே போகச் சொன்னேன். அவன் போகவில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினான். பேசாத இடத்தையெல்லாம் அதுவாகவே கண்டுபிடித்து வெட்டிவிடுமாம். ஃபேன் சத்தம், ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் துடைத்துவிடுமாம். மவுஸ் போகிற இடத்துக்குத் திரையைத் தானே பெரிதாக்குமாம். இரண்டு நாள் வேலை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடியும் மேடம் என்றான். பியூலா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலை சொன்னான். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவன் காட்டியதில் இருந்த குறைகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. திறக்க நேரமாகிறது. வெட்டுகிற பட்டனில் கத்தரிக்கோல் படம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குறையைச் சொல்லும்போதும் இதற்கு எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டேன். ஒன்பதாவது குறையில் அவன் தண்ணீர் கேட்டான். பதினைந்து நாள் டிரையலை நாற்பத்தைந்து நாளாக்கினேன். ஒரு கம்ப்யூட்டருக்கு என்றதை இரண்டாக்கினேன். கடைசியில் விலையைப் பாதியாக்கக் கேட்டபோது, அதற்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். டிரையல் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால், நான் ஒரு நிமிஷம் கேமரா முன்னால் உட்கார்ந்து அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் கம்பெனிப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். பொறுமை அக்கா சொன்னால் இந்தப் பக்கம் அத்தனை இ-சேவைக் கடைக்காரனும் வாங்குவான் மேடம் என்றான்.

வார்த்தைக்கு என்ன, அது விலையில்லாத சரக்குதானே என்று ஒப்புக்கொண்டேன்.

சும்மா ஒப்புக்கொள்ளவில்லை, பரீட்சை வைத்தேன். நான் ஏமாறுகிறவள் இல்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் போடுகிற பதிவு ஒன்று புதிதாக எடுத்திருந்தேன். அதையே பியூலாவிடமும் கொடுத்தேன், புது வெர்ஷனிடமும் கொடுத்தேன். பியூலா வழக்கம்போல இரண்டு நாள். புது வெர்ஷன் பதினோரு நிமிஷம். பியூலா முடித்த வீடியோ முப்பத்தொரு நிமிஷம் ஓடியது. அது முடித்தது பதினாலே நிமிஷம். பாதிக்கும் கீழே. முடிவு பார்க்க மறுபடி வந்திருந்த டீலரையும் பியூலாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்தாயா என்று அவளிடம் கேட்டேன்.

"ரெண்டையும் முழுசா ஓடவிட்டுப் பார்த்தீயளாக்கா?" என்று கேட்டாள்.

ஓடவிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? நீளம்தான் கீழேயே எழுதியிருக்கிறதே. அதைத்தான் சொன்னேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். பேசாதவளோடு என்ன பேரம் பேச?

அன்றைக்கே அந்த ஒரு நிமிஷத்தையும் எடுத்துவிடலாம் என்றான் டீலர். எடுத்தோம். மைக்கை என் முந்தானையில் குத்திவிட்டதே பியூலாதான். நான் நன்றாகத்தான் பேசினேன். ஏழு வருஷமாக எங்கள் கடையில் ஒரு வீடியோவுக்கு இரண்டு நாள் தூங்கி வழிந்தார்கள், இந்தப் புது வெர்ஷன் அதைப் பதினோரு நிமிஷத்தில் முடிக்கிறது, இனி எனக்கு எடிட்டரே தேவையில்லை என்றேன். தீனதயாளன் கை தட்டினான். ஒரே டேக்கில் ஓகே. மைக்கைக் கழற்றியதும் அவள்தான். கீபோர்டுக்கு உறை போட்டாள், சாப்பாட்டுப் பையை எடுத்தாள், "சரிக்கா, வாரேன்" என்றாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நீங்களே சொல்லுங்கள், நான் அவளைப் போகச் சொன்னேனா? எடிட்டர் தேவையில்லை என்றுதான் சொன்னேன். அது விளம்பரத்துக்குச் சொல்வது. விளம்பரத்தில் சொல்வதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டால் எவளாவது ஒரு சோப்பு வாங்க முடியுமா?

சரி, போனால் போகட்டும், மிஷின் இருக்கிறதே என்று நான்கு வீடியோ போட்டேன். என்ன அம்மா சிரிக்கிறீர்கள்? நீங்களும் பார்த்தீர்களா? எந்த வீடியோ, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதா? பாதியில் நிறுத்திவிட்டீர்களா? நிறுத்துவீர்கள், நிறுத்துவீர்கள். உங்களை மாதிரி எத்தனை பேர். 'அக்காவுக்கு உடம்பு சரியில்லையா' என்று ஒருத்தி எழுதினாள். 'யார் இந்தப் பொம்பளை, எங்க பொறுமை அக்கா எங்கே' என்று ஒருத்தன். 'திட்டுவதற்கு என் மாமியார் இருக்கிறாள், நீங்கள் எதற்கு' என்று இன்னொருத்தி. எவனோ போட்டிக் கடைக்காரன் ஆள் வைத்து எழுதுகிறான் என்று நினைத்து நான் ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதினேன். அந்தப் பதில்களை இப்போது அழித்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் ஒட்டப்பிடாரத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். பூவலிங்கம். லாரி ஓட்டினவர், விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் பருமன். என் வீடியோவைப் பார்த்தே மகளுக்குப் பட்டா மாற்றினவராம், மனைவிக்குக் காப்பீட்டு அட்டை வாங்கினவராம். இப்போது ஓய்வூதியத்துக்கு அந்தப் பதினாலு நிமிஷ வீடியோவைப் பார்த்து அடித்திருக்கிறார், ஒரு கட்டத்தில் ஒன்று கிடக்க ஒன்று விழுந்து, விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிட்டது. தாளை நீட்டினார். நான் விடவில்லை. வீடியோவை நிறுத்தி வைக்கப் பட்டன் இருக்கிறதே, கண் இல்லையா என்று கேட்டேன். அதை அமுக்கினால் வேறு எங்கேயோ போய்விடுகிறது என்றார். அப்புறம் அவர் கேட்டார் பாருங்கள்.

"முன்னயெல்லாம் நீ நிப்பியே தாயி. நான் எழுத்தத் தேடி அமுக்கி முடிக்க வரைக்கும் பேசாம நிப்பியே. இப்ப எதுக்கு இந்த ஓட்டம் ஓடுத? நான் என்ன தப்புச் செஞ்சேன், மாடு மாதிரி முழிக்காதன்னு ஏசுத?"

நான் அப்படிப் பேசவே இல்லை என்று சாதித்தேன். அவர் போனை எடுத்து ஓடவிட்டார். கேட்டேன். வேறு வழியில்லை, கடையில் எட்டுப் பேர் நின்றார்கள், எல்லோரும் கேட்டார்கள். மூச்சே விடாமல் ஒருத்தி கத்துகிறாள். 'ஆதார் நம்பரை அடிங்க, அடிச்சாச்சா, என்ன மாடு மாதிரி முழிக்கீங்க, அடுத்தது, கீழ பாருங்க, கீழன்னா கீழ, இதுகூடத் தெரியாதா உங்களுக்கு.' இடையில் ஒரு நூல் இடைவெளி இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மிஷின் செய்த வேலை. என் குரலை எடுத்து அதுவாகவே வசனம் சேர்த்துவிட்டது. இந்தக் காலத்தில் எதுதான் செய்யாது? தீனதயாளனுக்குப் போன் போட்டு, நாளைக்கு வந்து நிற்காவிட்டால் மதுரைக்கே வருவேன் என்றேன். வந்தான். பெரியவரும் தாளோடு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார், அவருக்குப் புது விண்ணப்பம் நான்தான் போட்டுக்கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டீலர், நான் பேசின மூலப் பதிவைத் திறந்து ஓடவிட்டான். மாடும் இருந்தது, முழிப்பதும் இருந்தது. எல்லாம் நான் பேசினதுதானாம். பேசாத இடத்தை மட்டும்தான் மேடம் இது வெட்டியிருக்கிறது, பேசினதில் கை வைக்காது என்றான்.

அப்படியானால் ஏழு வருஷமாக எங்கே போச்சு என் பேச்சு?

புது வெர்ஷனில் பழைய வேலைகளையும் திறக்கலாமாம். பியூலா கடைசியாகச் செய்த அந்த முப்பத்தொரு நிமிஷத்தைத் திறந்தான். வெட்டின துண்டுகளை வரிசையாகக் காட்டும் நீளப் பட்டை ஒன்று இருக்கும், டைம்லைன் என்பார்கள். மற்றவர்கள் வேலையில் பத்துத் துண்டு, இருபது துண்டு இருக்கும். இதில் பொடிப்பொடியாக இருந்தது, அவல் இடித்த மாதிரி. அதன்மேல் சின்னச் சின்னக் கொடி. எடிட் செய்கிறவர்கள் தங்களுக்காகக் குறித்து வைத்துக்கொள்வது. கொடிமேல் மவுசை வைத்தால் எழுத்து வரும். தீனதயாளன் ஒவ்வொன்றாக வைக்க வைக்க, பூவலிங்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

'அக்கா கோபம், வெட்டு.'

'இங்கே கண்ணாடி எடுக்கப் போவாங்க. இருபது செகண்ட் படத்தை நிறுத்து.'

'அக்கா கோபம், வெட்டு.'

'ரேஷன் கார்டு பீரோவில் இருக்கும். நாப்பது செகண்ட்.'

'அக்கா கோபம். ஆனா சிரிப்பா இருக்கு. இருக்கட்டும்.'

'இந்த இடத்தில் கணவர் பேர் கேட்கும். செத்திருந்தா கொஞ்ச நேரம் ஆகும். நிறுத்து.'

அந்தக் கடைசியைப் படித்துவிட்டுப் பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில். தீனதயாளன் என்னைப் பார்த்தான். எனக்கு வந்ததே ஆத்திரம். என்னிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, என்னைக் கேட்காமல், என் கோபத்துக்குக் கத்தரி வைக்க இவள் யார்? ஏழு வருஷமாக ஒருத்தி என்னை வெட்டிவிட்டு வேறொருத்தியை ஊருக்குக் காட்டியிருக்கிறாள், அவளுக்குப் போய்ப் பொறுமை அக்கா என்று பேர். இது களவில்லையா? நீங்கள் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டீர்கள். சரி, முழுசையும் கேளுங்கள்.

அதைக் கேட்கத்தான் இன்றைக்கு நாசரேத் போனேன். இன்றைக்கே போக வேண்டியிருந்தது, ஏனென்றால் திங்கட்கிழமை அவள் வேறு இடத்தில் சேரப்போகிறாள் என்று தெரிந்தது. திருநெல்வேலியில் ஒரு கோச்சிங் சென்டர், கணக்குப் பாட வீடியோ. என்னைவிட அதிகமாகத் தருகிறார்களாம். நான் பதறிப் போகவில்லை. நியாயம் கேட்கப் போனேன்.

திங்கட்கிழமைக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன், தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டேன். என் கோபத்தை வெட்ட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வீட்டில் இருந்த லேப்டாப்பில் அந்த ஓய்வூதிய விண்ணப்பத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். தன் போனில் அந்தப் பதினாலு நிமிஷ வீடியோவை எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"வலது கைய மடிக்குள்ள வச்சுக்கோங்கக்கா. இடது கையால அடிங்க" என்றாள்.

என்ன பெரிய வித்தை என்று ஆரம்பித்தேன். இந்த விண்ணப்பத்தை நான் தூக்கத்தில் நிரப்புவேன். ஆனால் இடது கை என் கை இல்லை அம்மா. எழுத்து இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரிகிறது, விரல் வேறு எங்கேயோ போய் விழுகிறது. பேரை அடித்து முடிக்கவில்லை, அதற்குள் போனில் அந்தப் பொம்பளை முகவரிக்குப் போய்விட்டாள். முகவரியைத் தேடுகிறேன், என்ன முழிக்கிறீர்கள் என்கிறாள். கதவு எண்ணை அடிக்கிறேன், இதுகூடத் தெரியாதா என்கிறாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கொஞ்சம் இருடி, தேடிக்கிட்டுத்தான இருக்கேன், உனக்கு என்ன கொள்ளையா போகுது?" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

பியூலா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து அறைந்திருப்பேன். போனை மட்டும் அணைத்தாள்.

அப்புறம் நான் பேரத்துக்கு வந்தேன். வேறென்ன செய்ய? சம்பளத்தை அந்த கோச்சிங் சென்டர்க்காரன் தருகிற அளவுக்கு ஏற்றினேன். அதற்குமேலும் ஏற்றினேன். வீடியோ முடிவில் உன் பேரைப் பெரிய எழுத்தில் போடலாம் என்றேன். புது வெர்ஷன் வேண்டாம், பழையதே இருக்கட்டும், ஒரு வீடியோவுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள் என்றேன். நான் ஒருத்தியே ஏற்றிக்கொண்டு போகிறேன், எதிர்ப்பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்படி ஒரு பேரத்தை என் வாழ்க்கையில் நான் பேசியதில்லை.

கடைசியில் அவளே வாயைத் திறந்தாள். கம்பெனிப் பக்கத்தில் நான் பேசின அந்த ஒரு நிமிஷம் இன்னும் இருக்கிறது என்றாள். அவள் மகன் பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துவிட்டு, 'அம்மா, தூங்கி வழிஞ்சது நீயா' என்று கேட்டானாம்.

அதை எடுத்தால் முழு விலையையும் நான் கட்ட வேண்டும், ஒப்பந்தம் அப்படி. அதை அவளுக்கு விளக்கினேன். முழுசாக எடுக்க வேண்டாம், நீ கெட்டிக்காரி, தூங்கி வழிந்தார்கள் என்ற வார்த்தையையும் எடிட்டர் தேவையில்லை என்ற வார்த்தையையும் மட்டும் ஒட்டுத் தெரியாமல் வெட்டிக் கொடு, டீலரிடம் சொல்லி மாற்றிப் போடச் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை என்றேன். நல்ல யோசனைதானே?

"கோபத்துல பேசினதத்தான்க்கா இத்தன வருஷமும் வெட்டினேன்" என்றாள். "இது நீங்க கோபத்துல பேசினது இல்ல. இத நான் வெட்ட மாட்டேன்."

அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டாள்.

நான் எழுந்தேன். பேரம் படியாவிட்டால் எழுந்து நடந்துவிட வேண்டும், அது என் பழக்கம். நடந்தால் பத்து அடிக்குள் கூப்பிடுவார்கள். புடவைக் கடையானாலும் மாட்டுச் சந்தையானாலும் கூப்பிடுவார்கள். வாசலைத் தாண்டினேன். தெரு முனையில் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். மளிகைக் கடையில் வேண்டாத தீப்பெட்டி ஒன்று வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை. இந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும், இது கிளம்பக் கால் மணி நேரம் ஆனது. அப்போதுதான் இந்தக் கண்டக்டர் வந்து தள்ளி உட்கார் என்றான். அவனுக்கு நேரம் சரியில்லை.

இப்போது சொல்லுங்கள். கேட்டாச்சு, ஸ்ரீவைகுண்டமும் தாண்டியாச்சு.

ம்.

ம், சொல்லுங்கள்.

அவ்வளவுதானா? நான் இத்தனை நேரம் தொண்டை கிழியப் பேசினதற்கு, 'அந்த வீடியோ இன்னும் இருக்கா' என்று ஒரே ஒரு கேள்வி. நீங்கள் வாத்தியார் வேலை பார்க்கிறீர்களா? இல்லையா? அந்த வேலையைப் பார்க்கலாம் நீங்கள்.

இருக்கிறது. இதோ, பாருங்கள், இருக்கிறது. நான்தான். நீலப் புடவை. பின்னால் ஒரு கை தெரிகிறது பாருங்கள், மைக் வயரைப் பிடித்துக்கொண்டு. அது அவள் கை. இதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இருங்கள், ஒரு போன் பேசிக்கொள்கிறேன்.

ஹலோ, தீனதயாளன். கனி பேசுகிறேன். அந்த ஒரு நிமிஷ வீடியோவை எடுத்துவிடு. ஆமாம், இப்போதே. எங்கெங்கே போட்டிருக்கிறாயோ அங்கெல்லாம். ஒப்பந்தம் தெரியும், எனக்குப் படிக்கத் தெரியும். முழு விலையா? சரி. சரி என்றேன். ஹலோ. ஹலோ, லைனில்தான் இருக்கிறேன், கட்டாகவில்லை. சரி என்றுதான் சொன்னேன். குறைக்கச் சொல்லவில்லை. முழு விலை. நீ எடு முதலில்.

பாவம், பயந்துவிட்டான். உடம்புக்கு ஏதாவதா மேடம் என்று கேட்கிறான். இதைக் கோவில்பட்டிப் பக்கம் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அம்மா, நான் ஒரு பொருளைச் சொன்ன விலைக்கு வாங்கினேன் என்று தெரிந்தால் நாளைக்குக் கீரைக்காரிகூட என்னை மதிக்க மாட்டாள்.

பார்த்தீர்களா, வீடியோ போய்விட்டது. அந்த இடம் காலியாக இருக்கிறது.

பியூலாவிடம் போனில் சொல்லலாம்தான். சொன்னால் 'சரிக்கா' என்று வைத்துவிடுவாள். அவள் 'சரிக்கா'வை எனக்குத் தெரியும், அதில் ஏழு வருஷம் ஏமாந்திருக்கிறேன். நேரில் சொன்னால் அப்படி வைக்க முடியாது, நான் எதிரில் உட்கார்ந்திருப்பேனே.

மன்னிப்பா? நானா? என்ன அம்மா நீங்கள், இவ்வளவு நேரம் எதைக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள்? கழுத்தில் கத்தி வைத்தாலும் கேட்க மாட்டேன். வீடியோவை எடுத்தாச்சு என்று சொல்வேன். சொல்லிவிட்டு அவள் இஸ்திரி போட்டு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். எத்தனை புடவை இருந்தாலும் சரி. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன், அவள் எழுந்திரு என்று சொல்லட்டும் பார்க்கிறேன். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் கிடக்கிறது.

இது என்ன ஊர், செய்துங்கநல்லூரா? எதிர்ப்பக்கம் நாசரேத் பஸ் நிற்கும். கொஞ்சம் காலை மடக்குங்கள், நான் இறங்க வேண்டும்.

ஏய் கண்டக்டர், விசில் அடிப்பா. திருநெல்வேலி டிக்கெட் என்றால் திருநெல்வேலியில்தான் இறங்க வேண்டுமா? என் டிக்கெட், நான் எங்கே வேண்டுமானாலும் இறங்குவேன். நீ நிறுத்து.